பூச்சு வேலை கற்போம்

(நாகப்பட்டினம் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில், கட்டடத் தொழிற் பயிற்சி தொடங்கிய நாளன்று வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

வீடு கட்டுவது பற்றிப் பேச்செடுத்தால், அடித்தளம் எத்தனை அடி, கூரைக்குக் கம்பி எவ்வளவு என்றே எல்லோரும் கேட்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, வெயிலையும் மழையையும் உப்புக் காற்றையும் முதன்முதலில் தாங்குவது சுவரின் மேற்பூச்சு. அது அரையங்குலக் கனமே உள்ளது. அந்த அரையங்குலத்தைப் பற்றியும், அதைப் பூசும் கையைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

இப்பயிற்சியில் சேருவதாகப் பெயர் கொடுத்தவர்களுள் சிலர் இன்று வரவில்லை. காரணம் நாம் அறியாததன்று. "இத்தனை வகுப்புப் படித்துவிட்டுக் கொத்து வேலைக்கா போவது?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்ட பெற்றோர் மீது நமக்கு வருத்தமில்லை. தாம் பட்ட பாட்டைத் தம் பிள்ளைகள் படக்கூடாதென்று நினைப்பது இயல்பே. ஆயினும் அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறாமல் இப்பயிற்சியைத் தொடங்குவது முறையாகாது. ஆகவே, இத்தொழிலின் பெருமையோடு இதன் இடர்களையும் மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறோம்.

கடல் கடந்த கைகள்

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் உள்ளது. அந்நகரின் மிகப் பழைய இந்துக் கோயில் அது. 1819-இல் ராபிள்சுடன் அத்தீவுக்குச் சென்ற நாராயண பிள்ளை என்னும் தமிழரின் முயற்சியால், 1827-இல் மரமும் கீற்றுமாக எழுந்தது. பின்னர் 1843-ஆம் ஆண்டளவில் செங்கற் கட்டடமாயிற்று. 1903-இல் அதற்குக் கோபுரம் அமைந்தது. இன்று காணப்படும் கோபுரம் 1925-இல் எழுந்தது. அக்கோயிலின் சுதை உருவங்களையும் பூச்சு வேலைகளையும் செய்தவர்கள் நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற கைவினைஞர்கள் என்று அக்கோயிலின் வரலாறு கூறுகின்றது.

அன்பர்களே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் துறைமுகத்திலிருந்து நெல்லும் துணியும் மட்டும் கப்பலேறவில்லை. கரணையும் மட்டக்கோலும் பிடித்த கைகளும் கப்பலேறின. அக்கைகள் செய்த வேலையுள்ள கோயிலை, 1973-இல் சிங்கப்பூர் அரசு தேசியச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்து வருகின்றது. 2023-இல் அங்குக் குடமுழுக்கு நடந்தபோதும், இந்தியாவிலிருந்து கலைஞர்கள் சென்றே சுதை உருவங்களைச் செப்பனிட்டனர். வேறொரு நாடு பொன்போற் போற்றும் தொழிலை, அது பிறந்து சென்ற ஊரில் நாம் "வெறும் கொத்து வேலை" என்கிறோம்.

இத்தொழிலின் பழமைக்கும் சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்வித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அக்கோயிலை அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு பெருமை பேசுகின்றது. அந்நான்கும் இல்லாமற் கட்டியது ஒரு புதுமையென்றால், அதற்கு முன் கட்டடம் என்பது அந்நான்காலும் ஆனதே என்பது தெளிவு. செங்கல்லோடும் மரத்தோடும் சமமாகச் சுதையும் அன்றே எண்ணப்பட்டிருக்கிறது.

உப்பும் சுவரும்

நம் மாவட்டத்திற்கு உப்பு புதிதன்று. 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து வந்து வேதாரணியத்தில் உப்பெடுத்த வரலாறு சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். உப்பு நமக்குப் பிழைப்பும் தந்தது; புகழும் தந்தது. ஆனால் சுவருக்கு அது பகை.

நிலத்து ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, செங்கல்லின் நுண்துளைகள் வழியே சுவரில் மேலேறுகின்றது. ஈரம் காற்றில் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் தங்கிப் படிகமாகின்றது. அப்படிகம் வளரும்போது தன்னைச் சூழ்ந்த பொருளை நெட்டித் தள்ளுகின்றது. பூச்சு பொருமுகிறது; தட்டினால் பொள்ளென்று ஓசை கேட்கிறது; பிறகு பாளம் பாளமாகப் பெயர்கிறது. "சுவர் உப்புப் பூத்துவிட்டது" என்று நம் வீடுகளில் கூறுவது இதனையே.

நம் முன்னோர் இதற்குக் கண்ட மருந்து சுண்ணாம்புக் காரை. கடற்கரையிலும் உப்பங்கழியிலும் கிடைக்கும் கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுட்டனர். சுமார் 900 பாகை வெப்பத்தில் அதிலுள்ள கரியமில வாயு வெளியேற, எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் நீரில் ஊறவிட்டு, மணல் சேர்த்து, செக்கில் வெண்ணெய்போல் அரைத்தனர். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரை அதனோடு சேர்த்தனர். இவ்வாறு பூசிய காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகின்றது. கிளிஞ்சல் எதுவாக இருந்ததோ அதுவாகவே சுவரின்மேல் மாறிவிடுகின்றது. அதற்கு மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். ஆனால் அக்காரையில் நுண்துளைகள் உண்டு. சுவரின் ஈரம் அவற்றின் வழியே வெளியேறும். உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைத்துவிடலாம். தேய்ந்தாலும் காரைதான் தேயும். உள்ளே செங்கல் பிழைத்திருக்கும்.

சிமெண்டு இதனினும் வேறானது. 1824-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாராகிய ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1904-இல் சென்னையில் அது முதன்முதல் செய்து பார்க்கப்பட்டது. சில மணி நேரத்தில் இறுகுவது, வலிமை மிக்கது என்பதால் உலகெங்கும் பரவிற்று. கம்பியும் கான்கிரீட்டும் கொண்ட இன்றைய வீடுகளுக்குச் சிமெண்டுப் பூச்சே உரியது. அதை நாம் குறை கூறவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் அதைப் பூசினால் என்ன ஆகும் என்பதைத்தான் அறிந்திருக்க வேண்டும். அறியாமையால் நாமே ஒரு பிழை செய்தோம். அதை உங்களிடம் கூறுவது கடமை.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில், கடலுக்கு அண்மையில் ஒரு பழைய பள்ளிக் கட்டடம் இருந்தது. ஒன்றரை அடிக் கனச் சுவர்; சுண்ணாம்புக் காரை. அடிப்பாகத்தில் காரை உதிர்ந்திருந்ததால் பழுது பார்க்கப் பணம் ஒதுக்கினோம். மதிப்பீட்டில் சிமெண்டுப் பூச்சு என்று எழுதப்பட்டிருந்தது. நாமும் கையொப்பமிட்டோம்.

வேலைக்கு வந்தவர்களுள் முதியவர் ஒருவர் இருந்தார். மேஸ்திரி அல்லர், நாட்கூலிக்கு வந்த கொத்தனார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். உதிர்ந்த காரையைக் கிள்ளி நாவில் வைத்துப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி நம்மிடம் வந்து, "ஐயா, இது பழைய காரைச் சுவருங்க. உப்பு நெறய ஏறியிருக்கு. சிமெண்டு வெச்சா உப்பு வெளிய வர வழியில்லாமப் போயிடுங்க. ரெண்டு மழைதாங்க தாங்கும்" என்றார். நாம் அவரிடம், "மதிப்பீட்டில் உள்ளபடிதான் செய்ய முடியும், பெரியவரே" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறுமொழி கூறாமல் சாரத்தில் ஏறினார்.

அவர் சொன்ன கணக்குத் தப்பவில்லை. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழை முடிந்ததும் பூச்சு பொருமிற்று. ஒரு நாள் பாயளவு பாளம் ஒன்று பெயர்ந்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் விழுந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அன்று வேறு கிழமையாக இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

அம்முதியவரைத் தேடிச் சென்றோம். தெற்றித் திண்ணையில் அமர்ந்திருந்தார். நம் பிழையை ஒப்புக்கொண்டு, சுண்ணாம்பு வேலையைச் செய்து தர வேண்டுமென்று கேட்டோம். "செய்யலாங்க. ஆனா சாந்து அரைக்கத் தெரிஞ்ச ஆளு இப்ப யாரு இருக்கா? என் மவன் அரபு நாட்டுல வண்டி ஓட்டுறான். நான் போய்ட்டா இதுவும் போச்சுங்க" என்றார். இந்தச் சொல் நம்மைச் சுட்டது. ஒரு சுவரின் பழுது பூச்சோடு நின்றுவிடவில்லை. அதை அறிந்தவருக்குப் பின் அறிவார் இல்லை என்பதே பெரும் பழுதாக இருந்தது.

அவ்வேலை அடுத்த கோடையில் நடந்தது. தம்மிடம் வேலை கற்க இருவர் வேண்டுமென்று அவர் கேட்டார். ஓர் இளைஞன் முன்வந்தான். மற்றவராக அவரே ஓர் அம்மையாரைக் காட்டினார். பதினைந்து ஆண்டுகளாகச் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தவர் அவர். "எந்தச் சாந்து எப்ப பதம்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியும். கரண்டியைத்தான் யாரும் கையில குடுக்கல" என்றார் முதியவர். இளைஞன் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அம்மையார் நின்றார், கற்றார். அப்பள்ளிச் சுவரில் பாதி அவர் கை பட்டதே.

கையும் கண்ணும் காதும்

பூச்சு வேலையில் கற்க என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். சாந்தைக் குழைத்து அப்புவதுதானே என்று தோன்றும். சற்றுப் பாருங்கள்.

முதலாவது, சுவரை ஆயத்தம் செய்தல். செங்கல் இடுக்குகளைச் சுரண்டித் தூசி போக்கி, முன்னாளே நீர் விட்டு நனைத்திருக்க வேண்டும். உலர்ந்த சுவர் சாந்தின் நீரைக் குடித்துவிடும், சாந்து பிடிக்காது. மிக நனைந்த சுவரிலும் சாந்து நில்லாது, வழியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தைக் கை தொட்டு அறியும்.

இரண்டாவது, மட்டம். சுவரில் ஆங்காங்கே சாந்துப் பொட்டுகள் வைத்து, தூக்குக்குண்டு விட்டு எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொணர வேண்டும். பிறகு அப்பொட்டுகளுக்கு இடையே சாந்தை நிரப்பி மட்டக்கோலால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்க்க வேண்டும். 100 சதுர அடிச் சுவரில் பூச்சு 3 மில்லிமீட்டர் கூடினால், ஏறத்தாழ ஒரு கன அடிச் சாந்து வீணாகிறது. வீடு முழுவதும் அப்படிப் போனால் எத்தனை மூட்டைச் சிமெண்டு வீண் என்று நீங்களே கணக்கிடலாம். தேர்ந்த கொத்தனார் வாங்கும் கூலியில் ஒரு பகுதியை அவர் கைத்திறமே வீட்டுக்காரருக்கு மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது, பொருளறிவு. மணலில் உப்பும் களிமண்ணும் இருத்தலாகாது. கடல் மணலைத் தொடவே கூடாது. கிணற்று நீர் உப்புக் கரிக்குமானால் அதில் சாந்து குழைக்கக் கூடாது. ஆற்று மணல் அரிதாகிவிட்ட இந்நாளில், பூச்சுக்கெனச் சலித்து வரும் எந்திர மணலையும் அறிந்து பயன்படுத்த வேண்டும். சிமெண்டு கலந்த சாந்து அரை மணி நேரத்திற்குப் பின் இறுகத் தொடங்கிவிடலாம். ஆகையால் பூசக்கூடிய அளவே குழைக்க வேண்டும். இறுகியதில் மீண்டும் நீர் விட்டுக் குழைப்பது வீட்டுக்காரரை ஏய்ப்பதாகும்.

நான்காவது, நீராற்றுதல். சிமெண்டுப் பூச்சை ஏழு நாட்களேனும் ஈரம் உலராமற் காக்க வேண்டும். பூசி முடித்துக் கூலி வாங்கிச் சென்ற பின் நடக்க வேண்டிய வேலையாதலால், இதுவே பெரும்பாலும் கைவிடப்படுகிறது. நல்ல கொத்தனார் வீட்டுக்கார அம்மாளிடம் இதைச் சொல்லி, மறுநாளும் வந்து பார்த்துப் போவார். இறுதியில் சுவரை விரலால் தட்டிக் காதால் கேட்பார். பொள்ளல் ஓசை கேட்டால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார். ஆகவே இது கைக்கு மட்டும் உரிய வேலையன்று. கண்ணும் காதும் அறிவும் மனச்சாட்சியும் சேர்ந்து செய்யும் வேலை.

சுவரிலிருந்து கோபுரத்திற்கு

நேர்ச்சுவரில் தேர்ந்த கை, மூலையும் விளிம்பும் கற்கும். தூணும் வளைவும் கற்கும். கொடியும் பூவும் கற்கும். அதன் உச்சி சுதைச் சிற்பம். நம் கோயிற் கோபுரங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்பாகமே கருங்கல். மேல் நிலைகள் செங்கல்லும் சாந்தும். அந்நிலைகளில் நிற்கும் தெய்வங்களும் யாளிகளும் சுதையால் ஆனவை. செங்கல் துண்டாலும் கம்பியாலும் உள்ளுரு அமைத்து, பருஞ்சாந்தால் உடல் வளர்த்து, நுண்சாந்தால் முகமும் விரலும் அணியும் திருத்துவர். கல் சிற்பி வேண்டாததைச் செதுக்கி நீக்குகிறார். சுதைச் சிற்பி வேண்டுவதைச் சேர்த்துச் சேர்த்து வளர்க்கிறார். சாந்து இறுகுமுன் அவர் முடிக்க வேண்டும். தாலம் என்னும் அளவு முறை அவர் உள்ளத்தில் இருக்க வேண்டும்.

கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்வது மரபு. நாகையில் காயாரோகணசுவாமி கோயிலும் சௌந்தரராசப் பெருமாள் கோயிலும், இன்னும் ஊர்தோறும் உள்ள சிறு கோயில்களும், அவ்வப்போது இக்கைகளை நாடி நிற்கின்றன. முன்பு இக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக் கூடம் தொடங்கிற்று. இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்துள்ள அங்கே சுதைச் சிற்பம் பட்டப்படிப்பிற்குரிய பாடமாக உள்ளது. எந்தக் குடியிற் பிறந்தவரும் அதைக் கற்கலாம்.

கோயில் மட்டுமன்று. பழைய கட்டடங்களைப் பழைய முறையிலேயே காக்க வேண்டும் என்னும் எண்ணம் இன்று பெருகி வருகின்றது. 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டையை உடைய தரங்கம்பாடி, 2020 வரை நம் மாவட்டத்தில் இருந்தது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. அங்குப் பழைய ஆளுநர் மாளிகை, டென்மார்க்குத் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு செப்பனிடப்பட்டது. சென்னைச் சேப்பாக்கத்தில் 2012-இல் தீயால் சிதைந்த கலச மகாலைப் பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டமைத்தனர். இத்தகைய வேலைகளுக்குப் பணம் கிடைத்தாலும் கை கிடைப்பதில்லை என்பதே இன்றைய நிலை. அந்தக் கையாக நீங்கள் ஏன் ஆகக்கூடாது?

பிற நாடுகளில் இத்தொழிலுக்கு உள்ள மதிப்பையும் அறிவது நன்று. இலண்டனில் பூச்சு வேலைக்காரர் சங்கம் 1501-லேயே அரசரின் பட்டயம் பெற்றது. ஜெர்மனியில் பூச்சு, சுதை வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. அதன்மேல் தேர்வெழுதி ஆசான் என்னும் தகுதியும் பெறலாம். உலகத் திறன் போட்டிகளில் பூச்சு வேலையும் ஒரு பிரிவு. நம் நாட்டிலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்தனார் வேலைக்கு ஓராண்டுப் பாடத்திட்டம் உள்ளது.

இடர்களும் காப்பும்

இனி இடர்களைக் கூறுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிவேலை நிற்கும். ஆடியில் புதிய வீடு தொடங்குவோர் குறைவு. ஆகையால் தை முதல் ஆனி வரை ஈட்டுவதில் ஒரு பங்கை மழை மாதங்களுக்கென வைக்காதவர், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு போகிறார். வேலைக் காலத்திலேயே சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். முன்பணம் வாங்கினாலும் எழுதி வாங்குங்கள்.

சுண்ணாம்பும் சிமெண்டும் தோலை அரிக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. கையுறை அணிவது கோழைத்தனமன்று. கண்ணிற் பட்டால் தேய்க்காமல், நல்ல நீரை நெடுநேரம் விட்டுக் கழுவி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சாரம் கட்டும்போது கயிற்றையும் சவுக்குக் கழியையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். அவசரமென்று எவர் சொன்னாலும் ஆடும் சாரத்தில் ஏறாதீர்கள்.

தமிழ்நாட்டில் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர்க்கென நல வாரியம் அமைந்தது. விபத்து, கல்வி, திருமணம், முதுமை ஆகியவற்றுக்கு உதவிகள் உண்டு. ஆயினும் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்தால்தான் அவ்வுதவி கிட்டும். விழுந்த பிறகு அட்டையைத் தேடுவதாற் பயனில்லை. பயிற்சி முடியுமுன் உங்கள் ஒவ்வொருவரின் பதிவும் முடிந்திருக்க வேண்டுமென்பது நம் விருப்பம்.

கரணை யார் கையில்?

தாய்மார்களுக்கு ஒரு சொல். கட்டட வேலையில் பெண்கள் இல்லாத இடமில்லை. ஆயினும் ஆண் கையாளாகச் சேர்ந்தால் சில ஆண்டுகளிற் கொத்தனாராகிறான். பெண் சித்தாளாகச் சேர்ந்தால் தலை நரைக்கும்வரை சித்தாளாகவே இருக்கிறாள். இதற்குத் திறமின்மை காரணமன்று என்பதை அப்பள்ளிச் சுவரில் நாம் கண்ணாரக் கண்டோம். ஜார்க்கண்டு மாநிலத்தில் ஊரகக் கழிப்பறைகள் கட்டும் இயக்கம் நடந்தபோது, கொத்தனார் கிடைக்காமையால் பெண்களுக்குப் பயிற்சி தந்தனர். கொத்தனாரை ராஜ் மிஸ்திரி என்பது அங்கு வழக்கு. அப்பெண்களை ராணி மிஸ்திரி என்று அழைக்கலாயினர். குசராத்தில் சேவா அமைப்பும் பெண்களுக்குக் கொத்து வேலைப் பயிற்சி அளித்து வருகின்றது. அவர்களால் இயன்றது காவிரிப் படுகைப் பெண்களால் இயலாதா? நாற்றுப் பறித்து நடும் விரலுக்கு நேர்கோடும் அளவும் புதியனவல்லவே.

நம் கடமையும் உங்கள் கடமையும்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்து எண்ணற்ற வீடுகளைச் சிதைத்தது. ஒவ்வொரு முறையும் வீடுகளைப் பெருந்தொகையாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நல்ல கொத்தனாருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கடலோரத்தில் வாழும் நமக்கு இத்தொழில் வெறும் பிழைப்பு மட்டுமன்று, தற்காப்பு. உள்ளூரில் தேர்ந்த கைகள் இருந்தால், இடர் வந்த மறுநாளே ஊர் எழத் தொடங்கும்.

ஆகவே அலுவலர்களாகிய நாமும் சில உறுதிகளை ஏற்க வேண்டும். பழைய கட்டடத்திற்கு மதிப்பீடு எழுதுமுன் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். சுவரை அறிந்த கொத்தனாரின் சொல்லைக் கேட்க வேண்டும். ஒன்றிய வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் கற்போர் ஒருவருக்கேனும், அவர் ஆணாயினும் பெண்ணாயினும், கரணை பிடிக்க இடம் தர வேண்டும். ஊராட்சிதோறும் எவர் எவ்வேலையில் தேர்ந்தவர் என்னும் பட்டியல் இருக்க வேண்டும். முதிய கொத்தனார்களைத் திண்ணையில் இருத்திவிடாமல், பயிற்சிக்கு ஆசானாக அழைக்க வேண்டும்.

உங்கள் கடமை ஒன்றே. அரைகுறையாய்க் கற்றுக்கொண்டு கூலிக்கு ஓடாதீர்கள். முதல் ஆண்டில் வரும் கூலி சிறிதாகத் தோன்றும். வெளியூரிலிருந்து வரும் அழைப்பு பெரிதாகத் தோன்றும். பொறுத்திருந்து கற்றவர்க்கு இங்கும் வேலை உண்டு. கடலுக்கு அப்பாலும் வேலை உண்டு. போவதானால் எடுபிடியாகப் போகாமல், அன்று நாகையிலிருந்து சிங்கப்பூர் சென்றவரைப் போலத் தொழில் தெரிந்தவராகப் போங்கள்.

நாம் சொன்ன முதியவர் இன்றும் இருக்கிறார். சாரத்தில் ஏற முடியவில்லை. அண்மையில் அவரைக் கண்டபோது அப்பள்ளிச் சுவரைப் பற்றிக் கேட்டார். "ஐந்து மழை தாங்கிவிட்டது, பெரியவரே" என்றோம். "அந்தப் பொண்ணு நீராற்றினது அப்படிங்க" என்றாரேயன்றித் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அத்தகைய ஆசானும் அத்தகைய மாணாக்கரும் ஒவ்வோர் ஊரிலும் அமைய வேண்டும் என்பதே நம் வேட்கை.

இன்று வராத தோழர்கள் நாளை வந்தாலும் அவர்களுக்கு இடம் உண்டு என்று சொல்லுங்கள். அதோ, அந்தப் பக்கத்துச் சுவரை நேற்றே நனைத்து வைத்திருக்கிறார்கள். பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். கரணையை எடுங்கள்.